ஸ்பெஷல் ஸ்கூல்ல புதுசா சேர்றவங்களுக்கு: புள்ளைங்க நடத்தையையும் உங்க உடம்பு மனசையும் சேர்த்தே பாத்துக்கறது எப்படி

பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷனோ டி.எட்.டோ முடிச்சு, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர் வாங்கி, ஜூன் மாசம் முதல் தடவையா ஒரு கிளாஸ் உங்க கைக்கு வருதுன்னா இது உங்களுக்குத்தான். தமிழ்நாட்டுல அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் இருக்கற புள்ளைங்க படிக்கற ஸ்பெஷல் ஸ்கூலை மனசுல வச்சுதான் எழுதறேன், ஆனா சமக்ர சிக்ஷாங்கற அரசு கல்வித் திட்டம் மூலமா பொதுப் பள்ளிக்குப் போற சிறப்பாசிரியர்களுக்கும் இதுல நெறைய பொருந்தும்.

புதுசா வர்றவங்க என்கிட்ட ரெண்டு கேள்வி கேக்கறாங்க. பையன் கடிக்கறான், தலையை சுவத்துல இடிக்கறான், அதை எப்படி நிறுத்தறதுன்னு ஒண்ணு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா யாரோடயும் பேசவே தோணல, இந்த வேலையில நான் தாக்குப்பிடிப்பேனான்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்குன்னு நான் முழுசா நம்பறேன். ஏன் நடக்குதுன்னு தெரியாத ஒரு விஷயத்தை தினமும் தனியா, கையில எந்தத் திட்டமும் இல்லாம சமாளிக்கறப்பதான் ஆள் உடைஞ்சு போறாங்க, அதனால புள்ளைக்குப் போடற திட்டத்துக்குள்ளயே டீச்சருக்கான இடத்தையும் போட்டுடணும், அது தனியா அப்புறம் பாத்துக்கற விஷயமே கிடையாது.

முதல் ரெண்டு வாரம் எதையும் திருத்தாதீங்க

சேர்ந்த உடனே ஹெச்எம்முக்கு நல்ல பேர் வாங்கணும்னு எல்லா சேட்டையையும் ஒரே வாரத்துல நிறுத்தப் பாக்கறது ரொம்ப பேரு பண்றது. பண்ணாதீங்க. முதல்ல கேஸ் ஃபைலைப் படிங்க, அப்புறம் அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க. என்ன சாப்பிடுவான், எதைக் கண்டா பயப்படுவான், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறான், ஃபிட்ஸ் உண்டா, பாத்ரூம் வந்தா எப்படிக் காட்டுவான், வேண்டாம்னு எப்படிச் சொல்லுவான். இந்தக் கடைசிக் கேள்வியை நெறைய பேரு கேக்கறதே இல்ல, ஆனா பாதி பதில் அதுலதான் இருக்கு. மூஞ்சியைத் திருப்பறது, தட்டைத் தள்ளறது, உதட்டைக் கடிக்கறதுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன அடையாளம் இருக்கும், அது நமக்கும் தெரிஞ்சா பெருசா வெடிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திடலாம்.

அடுத்தது உடம்பு. பேச்சு வராத புள்ளை திடீர்னு அடிச்சுக்க ஆரம்பிச்சா முதல்ல பாக்க வேண்டியது பல்லு, காது, மலச்சிக்கல், தூக்கம், பெரிய பொண்ணா இருந்தா மாதவிடாய் வலி. காதுப் பக்கமாவே அறைஞ்சுக்கற புள்ளைக்கு காதுல சீழ் இருக்கலாம், அதுக்கு நீங்க நல்லா நடந்தா ஸ்டார் ஒட்டற சார்ட் போட்டு என்ன ஆகப்போகுது? மாத்திரையையும் கேளுங்க. ஃபிட்ஸுக்குக் குடுக்கற சில மாத்திரைங்க எரிச்சலைக் கூட்டும், சிலது தூக்கக் கலக்கம் தரும், ரிஸ்பெரிடோன் மாதிரி மாத்திரை பசியை ஏத்தும், அதனாலதான் போன மாசம் வரைக்கும் சும்மா இருந்த பையன் இப்ப எல்லார் டிபன் பாக்ஸையும் பிடுங்கறானோ என்னவோ. ஆனா மாத்திரையைக் குறைங்க நிறுத்துங்கன்னு நாம ஒருநாளும் சொல்லக் கூடாது, பாத்ததை எழுதி டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி அனுப்பணும், அவ்வளவுதான்.

கூடவே பிடிச்சதோட லிஸ்ட் ஒண்ணு. முறுக்கு, தண்ணியில கை வைக்கறது, ஊஞ்சல், சாவிக்கொத்து, ஒரு குறிப்பிட்ட ரைம்ஸ், என்ன வேணா இருக்கலாம். ஒரு புள்ளைக்குப் பிடிச்சது பத்து விஷயம் சொல்லத் தெரியாத வரைக்கும் அந்தப் புள்ளையோட நடத்தையில கை வைக்காதீங்க, இது என்னோட உறுதியான கருத்து.

நடத்தையை கண்ணால பாத்த மாதிரி எழுதுங்க

"அடங்கவே மாட்டான்", "ரொம்ப அக்ரெசிவ்", "பிடிவாதம்" இதெல்லாம் நம்ம அபிப்ராயம். "மணிக்கட்டைக் கடிக்கறான், தழும்பு விழுது", "பக்கத்துல இருக்கற புள்ளையோட முடியை ரெண்டு கையாலயும் இழுக்கறான்", "தரையில உக்காந்து பின்னந்தலையை இடிக்கறான்", இப்படி எழுதினா ஆயாம்மாவும் எண்ணலாம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் எண்ணலாம், மூணு பேரு பாத்தாலும் ஒரே விஷயத்தைப் பாப்பாங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா அறிவுசார் குறைபாட்டுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் 1992ல கொண்டு வந்த பேசிக்-எம்ஆர்ங்கற மதிப்பீட்டுப் பட்டியலை எடுத்துக்கோங்க, அதோட பார்ட் பி முழுக்க பிரச்சனை நடத்தைகள்தான், பத்து தலைப்புல 75 இருக்கு, பல ஸ்கூல்ல பீரோவுல இருக்கும் யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. இன்னொரு பக்கம் அவனுக்கு என்ன தெரியும்னு பாக்க நம்ம சென்னையில உருவான எம்டிபிஎஸ்ங்கற திறமைப் பட்டியல் இருக்கு, 18 தலைப்பு 360 ஐட்டம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, எந்தத் திறமை இல்லாததால எந்தச் சேட்டை வருதுன்னு பல சமயம் அப்படியே தெரியும்.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க. கிளாஸ்ல எட்டு புள்ளைங்க, ஒவ்வொருத்தருக்கும் மூணு நடத்தைன்னா நீங்க தீபாவளிக்குள்ள படுத்துடுவீங்க. ஒரு டெர்முக்கு ரெண்டு புள்ளை, ஆளுக்கு ஒரே ஒரு நடத்தை. யாருக்காவது காயம் ஆகுதான்னு பாத்து அதை முதல்ல எடுங்க. சத்தம் போடறது, கையை ஆட்டறது, சுத்திச் சுத்தி வர்றது இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லன்னா விட்டுடுங்க. ஆட்டிசம் புள்ளை கையை ஆட்டறது அதுக்குத் தேவையா இருக்கு, நம்ம கண்ணுக்கு ஒரு மாதிரி தெரியுதுன்னு நிறுத்தறதுக்கு நமக்கு உரிமை இல்ல.

மூணு பத்தி நோட்டு

இதுதான் இந்த வேலையோட முதுகெலும்பு. முன்னாடி என்ன நடந்தது, என்ன செஞ்சான், அப்புறம் என்ன கிடைச்சது. ஏபிசி ரெக்கார்டுன்னு காலேஜ்ல படிச்சிருப்பீங்க, 1968லயே இந்த முறையை எழுதி வச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் இதைவிட மலிவா ஒண்ணு வரல. ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். நேரம், இடம், பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு சேர்த்துப் போடுங்க. நடந்து அரை மணி நேரத்துக்குள்ள எழுதுங்க, சாயங்காலம் எழுதினா நம்ம கோவம்தான் நோட்டுல இருக்கும். "அப்புறம்"ங்கற பத்தியில நீங்க என்ன செஞ்சீங்கன்னு அப்படியே எழுதணும், திட்டினா திட்டினேன்னு, வெளிய கூட்டிட்டுப் போனா கூட்டிட்டுப் போனேன்னு.

ஒரு வாரம் பத்து நாள் எழுதினாலே ஒரு வரிசை தெரியும். சாப்பாட்டுக்கு முன்னாடி பதினோரு மணி வாக்குல, கரண்ட் போய் ஃபேன் நின்னதும், பிரேயர்ல மைக் கீச்சுன்னு கத்தறப்ப, ஆண்டு விழா ரிகர்சலுக்கு பறை அடிக்கறப்ப, வேனுக்குக் காத்திருக்கற இருபது நிமிஷம், பொங்கல் லீவு முடிஞ்சு வந்த முதல் ரெண்டு நாள். ரொம்ப நாளா "காரணமே இல்லாம அடிக்கறான்"னு சொல்லிட்டிருந்த புள்ளைக்கு காரணம் இருக்கறது தெரியறப்ப உங்க நெஞ்சுல ஒரு பாரம் இறங்கும் பாருங்க, அதுதான் நான் சொல்ல வர்றது, அந்த நோட்டு புள்ளையை மட்டும் காப்பாத்தல. அவன் உங்களை வெறுத்து அடிக்கல, மைக் சத்தத்துக்கு அடிக்கறான்னு தெரிஞ்சதும் அதே அடி அவ்வளவு வலிக்காது.

என்ன கிடைக்கறதுக்காக?

நாலு வகையா பிரிச்சுப் பாருங்க. யாராவது கவனிக்கணும்னு, ஒரு வேலையிலேர்ந்து தப்பிக்கணும்னு, ஒரு பொருளோ தின்பண்டமோ வேணும்னு, இல்லன்னா அந்தச் செய்கையே உடம்புக்கு ஒரு சுகமா இருக்குன்னு. 1982ல அமெரிக்காவுல பிரையன் இவாட்டா குழு தன்னைத்தானே காயப்படுத்திக்கற புள்ளைங்களை வேற வேற சூழல்ல வச்சுப் பாத்து, ஒரே மாதிரி தெரியற செய்கைக்கு ஆளுக்கு ஒரு காரணம் இருக்கறதைக் காட்டினாங்க. இது ஏன் முக்கியம்னா காரணம் மாறினா நாம செய்யறது தலைகீழா மாறிடும்.

ஒரு பத்து வயசுப் பையன்னு வச்சுக்கோங்க. மணி கோக்கற வேலை குடுத்த ரெண்டு நிமிஷத்துல ட்ரேயைத் தட்டி விடறான், டீச்சர் கோவப்பட்டு வெளிய வராண்டாவுல உக்கார வைக்கறாங்க. டீச்சருக்கு அது தண்டனை. அவனுக்கு? வேலை போச்சு, காத்து வருது, போறவங்க வர்றவங்களைப் பாக்கலாம். நாளைக்கும் ட்ரே பறக்கும். அதே பையன் கவனத்துக்காகச் செஞ்சிருந்தா வெளிய உக்கார வைக்கறது வேற மாதிரி வேலை செஞ்சிருக்கும். அதனால இன்னொரு டீச்சர் "நான் இப்படித்தான் பண்ணுவேன், அடங்கிடுவான்"னு சொல்ற யோசனையை அப்படியே எடுத்துக்காதீங்க, அவங்க கிளாஸ் புள்ளையோட காரணம் வேற.

முன்னாடி இருக்கறதை மாத்தறதுதான் சுலபம்

நடந்ததுக்கு அப்புறம் செய்யறதைவிட நடக்கறதுக்கு முன்னாடி செய்யறதுல உங்க சக்தி ரொம்பக் கம்மியா செலவாகும். படத்தோட டைம்டேபிள் சுவத்துல, புள்ளையோட கண் உயரத்துல. அமெரிக்காவுல வடக்கு கரோலினாவுல 1972ல ஆட்டிசம் புள்ளைங்களுக்கான டீச் (TEACCH) திட்டம் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து இந்தப் பட டைம்டேபிள் ஓடிட்டிருக்கு, லேமினேஷனுக்கும் வெல்க்ரோவுக்கும் ஆகற செலவுதான். "முதல்ல இது, அப்புறம் அது"ன்னு ரெண்டு படம் ஒட்டின ஒரு அட்டை, முதல்ல மணி கோக்கறது அப்புறம் ஊஞ்சல். மணி பத்து கோக்கச் சொல்றதுக்குப் பதிலா மூணு. ஒரு வேலையிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறறதுக்கு முன்னாடி ஒரு சின்ன மணி அடிக்கறதோ ஒரே பாட்டோ. வேனுக்குக் காத்திருக்கறப்ப கையில ஏதாவது வேலை, சும்மா உக்காருன்னா நமக்கே கஷ்டம். மைக் சத்தம் ஆகாதவனை பிரேயருக்கு கடைசி வரிசையில ஒதுக்குப்புறமா நிக்க வைங்க, இல்ல கிளாஸ்லயே வைங்க, பிரேயர்ல நின்னே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

அதே விஷயத்தைக் கேக்கறதுக்கு வேற வழி சொல்லிக்குடுங்க

ட்ரேயைத் தட்டறதை நிறுத்திட்டா அவனுக்கு "போதும்"னு சொல்ல வழியே இல்லாம போயிடும். 1985ல எட்வர்ட் கார், மார்க் டுராண்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க காட்டினது இதுதான், நடத்தையால கேக்கற விஷயத்தையே பேச்சாலயோ சைகையாலயோ கேக்கக் கத்துக்குடுத்தா நடத்தை குறையும். பேசற புள்ளைன்னா "ஹெல்ப் மிஸ்". பேசாத புள்ளைக்கு காட்டினா ஓய்வு கிடைக்கற ப்ரேக் கார்டு, இல்ல கையைத் தூக்கறது, இல்ல சென்னையிலேயே உருவாக்கின, படத்தைத் தொட்டா பேசற ஆவாஸ் ஆப், அது தமிழ்லயும் பேசும். எதுவா இருந்தாலும் அது அடிக்கறதைவிட சுலபமா இருக்கணும், அடிக்கறதைவிட சீக்கிரம் பலன் கிடைக்கணும். கார்டைக் குடுத்து மூணு நிமிஷம் நீங்க கவனிக்கலன்னா அவன் ஏன் கார்டைத் தூக்கப் போறான்? முதல் சில வாரம் அவன் எத்தனை தடவை ப்ரேக் கேட்டாலும் குடுங்க. "ஓவரா செல்லம் குடுக்கறீங்க"ன்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்லுவாங்க. குடுங்க. கேட்டா கிடைக்கும்னு நம்பிக்கை வந்ததுக்கு அப்புறம் "இன்னும் ரெண்டு மணி கோத்துடு, அப்புறம் ப்ரேக்"னு கொஞ்சம் கொஞ்சமா நீட்டிக்கலாம்.

இங்க ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய வழிக்குப் பலன் கிடைக்காம போறப்ப நடத்தை கொஞ்ச நாளைக்கு முன்னைவிட அதிகமாகும். லேசா தட்டினவன் தூக்கி எறிவான். இந்த நேரத்துலதான் பாதி டீச்சருங்க "இது வேலைக்கு ஆகல"ன்னு விட்டுடறாங்க, விட்டா அவன் கத்துக்கறது பெருசா எறிஞ்சாதான் வேலை நடக்கும்னு. இப்படி வரும்னு ஹெச்எம், அம்மா, ஆயாம்மா எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைங்க, அப்பதான் அந்த வாரத்துல உங்களைத் தாங்க நாலு பேரு இருப்பாங்க. அப்புறம், தலையை இடிச்சுக்கற புள்ளையை கண்டுக்காம விடறதுங்கற பேச்சே கூடாது. அதுக்கு சைக்காலஜிஸ்ட் கூட உக்காந்துதான் திட்டம் போடணும், சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்கற நிப்மெட்ங்கற (NIEPMD) மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துல நடத்தைக்குன்னு ஆளுங்க இருக்காங்க, பெரிய ஊர் அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கும்.

வெடிச்சுட்டா அந்த அஞ்சு நிமிஷம்

மத்த புள்ளைங்களை ஆயாம்மா வெளிய கூட்டிட்டுப் போகட்டும், அது அவனைத் தூக்கறதைவிட லேசு. கையில எட்டற கத்தரிக்கோல், தண்ணி பாட்டில், சேர் நகரட்டும். குரலைத் தாழ்த்துங்க, ரெண்டே வார்த்தை, "இருக்கேன்", "உக்காரு". அந்த நேரத்துல அவனுக்கு விளக்கம் ஏறாது. நேருக்கு நேரா நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல, கை நீளத்துக்கு வெளிய. முடியைப் பிடிச்சுட்டான்னா பின்னாடி இழுக்காதீங்க, அவன் கையை உங்க தலையோட சேர்த்து அமுக்கிப் பிடிங்க, இழுவை குறையும், பிடி தானா தளரும். கடிச்சுட்டான்னா கையைப் பிடுங்கினா சதை கிழியும், கொஞ்சம் அவன் வாய்ப்பக்கமா குடுத்தா வாய் திறக்கும். இதை ரெண்டு டீச்சர் சேர்ந்து ஒருநாள் பழகிப் பாருங்க, அந்த நேரத்துல மூளை யோசிக்காது, கைக்குத்தான் பழக்கம் வேணும். வெறிச்சுப் பாக்கறது, கை கால் வெட்டறது ஃபிட்ஸா இருக்கலாம், அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா 108 கூப்பிடுங்க.

கட்டி வைக்கறது, இருட்டு ரூம், கிள்ளறது, சூடு, மிளகாய், சாப்பாட்டை நிறுத்தறது, எதுவும் கிடையாது. யாரு சொன்னாலும், அம்மாவே "அடிச்சுக்கோங்க மிஸ்"னு சொன்னாலும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009 பிரிவு 17 உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை பண்ணுது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பிரிவு 6 கொடுமையான நடத்தலிலேர்ந்து பாதுகாப்பு குடுக்கணும்னு சொல்லுது. சட்டத்துக்காக மட்டும் சொல்லல, வீட்டுக்குப் போய் என்ன நடந்ததுன்னு சொல்லத் தெரியாத புள்ளைங்க நம்மகிட்ட இருக்காங்க, அவங்களுக்கு நாமதான் சாட்சி.

அடங்கினதும் உடனே "ஏன்டா இப்படி"ன்னு ஆரம்பிக்காதீங்க. தண்ணி குடுங்க, இருபது நிமிஷம் சும்மா விடுங்க. நீங்களும் அப்ப சும்மா இருக்கணும், இதை திட்டத்துலயே எழுதுங்க: வெடிச்சு முடிஞ்சதும் கிளாஸை பக்கத்து டீச்சர் பத்து நிமிஷம் பாத்துக்குவாங்க, இந்த டீச்சர் வெளிய போய் மூஞ்சி கழுவி தண்ணி குடிச்சுட்டு வருவாங்க. இதுக்கு ஒரு சைகை வச்சுக்கோங்க. கதவைத் தட்டி ஒரு சிவப்புக் கார்டை நீட்டினா, ஏன் எதுக்குன்னு கேக்காம ஆள் மாறணும். கை ஓங்கற அளவுக்கு கோவம் ஏறினா அந்தக் கார்டை எடுக்கறதுதான் உங்க கடமை, அதுல வெக்கப்பட எதுவும் இல்ல.

உங்களைப் பத்தி

2019ல உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால தேய்ஞ்சு போறதை, ஐசிடி-11ங்கற தன்னோட நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னு சேர்த்துச்சு, மூணு அடையாளம் சொல்றாங்க: சக்தி வத்திப்போறது, வேலை மேல ஒரு விலகல் இல்ல கசப்பு, நம்மால ஒண்ணும் ஆகலங்கற நினைப்பு. நம்ம கிளாஸ்ல இது எப்படித் தெரியும்னா, ஒரு குறிப்பிட்ட புள்ளை இன்னிக்கு லீவுன்னதும் உள்ளுக்குள்ள பெருசா ஒரு நிம்மதி, ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்தைப் பிசையறது, "இதெல்லாம் திருந்தாது"ன்னு வாயில வர்றது, ரெண்டு வாரமா நோட்டுல ஒண்ணுமே எழுதாம இருக்கறது. இதுல கடைசிதான் எனக்கு சரியான அலாரமாத் தெரியும். நோட்டு நின்னா டீச்சர் நிக்கப் போறாங்கன்னு அர்த்தம்.

மதியச் சாப்பாடு பெரிய பிரச்சனை. எட்டு புள்ளைக்கு ஊட்டி, வாய் துடைச்சு, டாய்லெட் கூட்டிட்டுப் போய் முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுடும், டீச்சர் ஆறிப்போன சாதத்தை நின்னுட்டே முழுங்குவாங்க. அரை மணி நேரம் ரெண்டு கிளாஸை சேர்த்து ஒருத்தர் பாக்கறது, அடுத்த அரை மணி மத்தவங்கன்னு ஹெச்எம்கிட்ட எழுதி வாங்குங்க. வளர்ந்த புள்ளையை வீல்சேர்லேர்ந்து தனியா தூக்காதீங்க, ரெண்டு பேரு, முட்டியை மடக்கி. முதுகு போனா இந்த வேலையே போச்சு. ஐஇபி (ஒவ்வொரு புள்ளைக்கும் தனியா போடற கல்வித் திட்டம்) எழுதறது, ரெக்கார்டு முடிக்கறது ஸ்கூல் நேரத்துல நடக்கணும், அதுக்கு வாரத்துல ஒரு பீரியடு கேளுங்க. பேரன்ட்ஸ்கிட்ட போன் பேச ஒரு நேரம் சொல்லிடுங்க, ராத்திரி பத்து மணிக்கு வர்ற வாட்ஸ்அப்புக்கு காலையில பதில் போட்டா போதும், ஃபிட்ஸ் மாதிரி அவசரத்தைத் தவிர.

நம்மளைப் பாத்து "தெய்வம் மாதிரி, எவ்வளவு பொறுமை"ன்னு சொல்றவங்க அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா அதைக் கேட்டுக் கேட்டு, முடியலன்னு சொல்றதே பாவம்னு நெனைக்கற டீச்சருங்களை நெறைய பாத்துட்டேன். ஆள் பத்தலன்னா ஆள் பத்தல, அதை மூச்சுப் பயிற்சியால சரி பண்ண முடியாது. பொதுப் பள்ளிக்கே 2022ல மத்திய அரசு தொடக்க வகுப்புல பத்து மாற்றுத்திறன் புள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், உயர் தொடக்கத்துல பதினஞ்சு பேருக்கு ஒருத்தர்னு அறிவிச்சிருக்கு, உங்க கிளாஸ்ல எத்தனை பேருன்னு எண்ணி நோட்டோட சேர்த்து நிர்வாகத்துகிட்ட காட்டுங்க. "கஷ்டமா இருக்கு சார்"னா ஒண்ணும் நடக்காது, "பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஒரே ஆளா இருக்கேன், இந்த மாசக் காயம் எல்லாம் அந்த நேரத்துலதான்"னு தேதியோட காட்டினா ஒரு ஹெல்பராவது வர வாய்ப்பு இருக்கு.

மாசக் கடைசியில எண்ணிக்கையை ஒரு கட்டம் போட்ட பேப்பர்ல கோடாப் போடுங்க. ஒரு நாளைக்கு பன்னெண்டு தடவை அடிச்சவன் ஏழு தடவை அடிச்சா கண்ணுக்கு தினமும் அடிக்கற மாதிரியேதான் இருக்கும், கோட்டுலதான் இறங்கறது தெரியும். ரெண்டு மாசம் கோடு அசையலன்னா உங்க தப்புன்னு எடுத்துக்காதீங்க, காரணத்தைத் தப்பா பிடிச்சிருப்போம், திரும்ப மூணு பத்தி நோட்டுக்குப் போங்க.

தூக்கமே வரல, காரணமில்லாம அழுகை, வாழவே பிடிக்கலன்னு தோணுதுன்னா டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது, எந்நேரமும்.

மத்தவங்க கை சேரணும்

ஆயாம்மா, வேன் டிரைவர் அண்ணன், பாட்டி, இவங்க எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கலன்னா திட்டம் நிக்காது. ஒரே ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதுங்க: இதுதான் நடத்தை, இதுக்காகச் செய்யறான், வர்றதுக்கு முன்னாடி இந்த அடையாளம், அப்ப இதைச் செய்யுங்க, இதைச் செய்யாதீங்க, அவன் கேக்கற புது வழி இது. பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, வெளிய ஒட்டினா வர்றவங்க போறவங்க எல்லாம் படிப்பாங்க. ஆயாம்மாகிட்ட யோசனை கேளுங்க, பல வருஷமா அந்தப் புள்ளையைக் குளிப்பாட்டினவங்களுக்குத் தெரியாதது எந்த சார்ட்லயும் இல்ல. டைரியில அம்மாவுக்கு தினமும் புகாரே எழுதி அனுப்பாதீங்க, ராத்திரி முழுக்க அவங்களும் தூங்கியிருக்க மாட்டாங்க, இன்னிக்கு மூணு தடவை கார்டு காட்டினான்னு ஒரு வரி எழுதுங்க.

ஏப்ரல் கடைசியில, லீவு விடறதுக்கு முன்னாடி, அந்த ஒரு பக்கத்தையும் கோடு போட்ட பேப்பரையும் பிடிச்சது லிஸ்டையும் கேஸ் ஃபைல்ல முதல் பக்கமா வச்சுடுங்க. ஜூன்ல அந்தக் கிளாஸுக்கு வேற யாராவது வரலாம், அவங்க ரெண்டு மாசம் அடி வாங்கித்தான் கத்துக்கணும்னு இல்ல.